வலி மிகும் இடம்

இரவுப் பதிப்பை முடித்து
விடிய மூன்றுக்குப் படுத்த கண்
மத்தியானம் வரைக்கும்
எழுத்துக்கூட்டிக்கொண்டே கிடந்தது.
பேப்பரில் பிழை பார்ப்பது என் தொழில்.
இருபத்தொரு வருசமாய்க் கந்தோருக்குப் போகும் வழியில்
கோட்டையைக் கடந்திருக்கிறேன்,
உள்ளே போனதில்லை.
இன்றைக்குச் சைக்கிள் தன்பாட்டில் திரும்பியது.

டிக்கெட் பெடியன் கேட்டான்,
"அக்கா உள்ளூரோ?"
"கொட்டடி" என்றேன்.
நடந்தால் பத்து நிமிசம்.
பச்சைச் சீட்டைக் கிழித்துத் தந்தான்.

அகழியில் தண்ணீர் வற்றிய பக்கம் இரண்டு ஆடுகள்.
மதில் முழுக்க முருகைக்கல்,
கிட்டப் போனால் மூளைபோல் நெளி, தேன்கூடுபோல் துளை.
பறங்கியும் ஒல்லாந்தனும் வெள்ளைக்காரனும் வருமுன்
இதற்குள் குடியிருந்தவை கடற்பூச்சிகள்.
அவற்றின் பெயரை
எந்தப் பலகையிலும் காணேன்.

கொத்தளத்தில் குடை விரித்த சோடிகள்,
ஒரு குடைக்குக் கீழே நாலு கால், ஒரு சிரிப்பு.
அநுராதபுரத்திலிருந்து வந்த பள்ளிக்கூடம் ஒன்று
பண்ணைக் கடலைப் படம் எடுத்தது.
தேவாலயம் இருந்த இடத்தில்
இடுப்பளவுச் சுவர், நாயுருவி.
நாயுருவி காலில் ஒட்ட
நான் காட்சிக்கூடத்துக்குள் போனேன்.

பிளாஸ்டிக் கதிரையில் காவலுக்கு ஒரு பிள்ளை,
சட்டையில் சத்தியசீலி என்று பெயர்,
போனில் சத்தம் குறைத்த நாடகம்.
சீனத்துப் பீங்கான், நீலப் பூவில் பாதி.
சங்கு வளையல், அரைவட்டம்.
துருவேறிய பிணைச்சல், கதவு எங்கேயோ.
எனக்குப் பொருளுக்கு முன்னர்
எழுத்தில்தான் கண் போகும்,
தொழில் வியாதி.

பீரங்கி குண்டு.

நின்றுவிட்டேன்.
நடுவில் ஒரு க் விழவேண்டும்.
பீரங்கிக் குண்டு.
வலி மிகும் இடம் இது.
ஏழாம் வகுப்பில் படித்தபோது
வலி என்றால் எழுத்து என்று நம்பியிருந்தோம்.

அடுத்த பெட்டியில்
விரல் நீளத்துக்கு ஒரு செம்மண் சில்லு.
சீட்டில் ஒரே சொல்:
ஓடு.

பிழையில்லை.
தொண்ணூறில் எனக்கு ஒன்பது வயது.
கோட்டைக்குள் அவர்கள், சுற்றிவர இவர்கள்,
நடுவில் எங்கள் கூரை.
பொம்மர் இரண்டாம்முறை வட்டமிட்டபோது
அடுப்பை அணைக்காமலே
அம்மா சொன்னதும் இதே சொல்தான்.
அது வினை. ஏவல்.
காதுக்கு முன் கால் கேட்டது.
மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தோம்.
முற்றம் முழுக்கக் கிடந்தது
பெயர்ச்சொல்.

கைப்பையில் சிவப்புப் பேனை தேடினேன்.
"அக்கா, கண்ணாடியிலை எழுதாதேங்கோ."
"எழுதேல்லைப் பிள்ளை, இதிலை ஒரு க் விடுபட்டிருக்கு."
எழும்பி வந்து பார்த்தாள்.
"எனக்குக் குண்டு எண்டு விளங்கிச்சுதே."
"விளங்கும்தான்."
"கொழும்பிலை அடிச்சு வந்தது.
அந்தக் கொப்பியிலை எழுதிவிடுங்கோ."

கொப்பியில் சூப்பர் என்று ஒருவர்,
கக்கூஸ் துப்புரவில்லை என்று இன்னொருவர்,
வட்டவட்டமாய் நாலு வரி சிங்களம்,
அம்பு துளைத்த இதயம், அதற்குள் எஸ், பி.
கீழே எழுதினேன்:
பெட்டி மூன்று. பீரங்கிக் குண்டு. க் சேர்க்க.
பெட்டி நாலு. ஓடு.
பேனை அங்கேயே நின்றது.
ஒரு புள்ளி பெரிதாகிக்கொண்டு வந்தது.
மூடி வைத்தேன்.

வெளியே வெயில் சரிந்து
களங்கட்டிக் கம்புகள் தண்ணீரில் நீண்டு கிடந்தன.
ஏழு மணிக்கு முதற்பக்கம் வரும்.
மதில் சரிவில் அந்தப் பள்ளிக்கூடம்
கீழ்நோக்கிப் பாய்ந்தது.
"துவன்ன எபா, துவன்ன எபா" என்று
ரீச்சர் பின்னால் கத்தினார்.
அந்தளவு சிங்களம் எனக்கும் தெரியும்:
ஓடாதேங்கோ.
பிள்ளைகள் வெள்ளைச் சட்டை பறக்க
ஓடினார்கள்.
ஒருத்தியின் சப்பாத்து மட்டும்
சரிவின் நடுவில் கழன்று கிடந்தது.
எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.